நுனிப்புல்

புல்தரைச் செலவைக் குறைக்க ஐந்து வழிகள் என்று மேனேஜர் கைபேசியைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். தோட்டக்காரன் புல்வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

புல்லை ஒட்ட வெட்டக் கூடாது, நுனியை மட்டும்தான் வெட்ட வேண்டும். வெட்டியதை அள்ளாமல் அங்கேயே விட்டால் அதுவே உரம். தண்ணீரைத் தினமும் காட்டாமல் வாரத்துக்கு இரண்டு தடவை, விடிந்ததும் பாய்ச்ச வேண்டும். பூச்சிமருந்தைப் பாட்டில் பாட்டிலாக அடிக்கக் கூடாது.

எல்லாம் சரிதான். ஒன்பது வருஷமாக அவன் சொல்லிவந்தவைதான். அவன் சொன்னபோது அது சோம்பேறித்தனமாக இருந்தது, கைபேசி சொன்னதும் அறிவியலாகிவிட்டது.

ஐந்தாவது வழியை மேனேஜர் சிரித்துக்கொண்டே வாசித்தார். தன் கையே தனக்கு உதவி.

வயிற்றில் அடிப்பதை இவ்வளவு இனிமையாகவும் செய்யலாம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேனேஜர் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. பட்டம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று தெருவே சொல்லும். அதற்காக ஒரு வாரம் முன்னால்கூடச் சொல்லக் கூடாதா? மெஷினை ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு அவன் இன்றைக்கே கிளம்பலாமாம். ஐம்பத்தாறு வயதில் இனி எந்த கேட்டைப் போய்த் தட்டுவது?

கற்றுக்கொடுத்தான். கயிற்றை எப்படிச் சுண்டி இழுப்பது, வரிசை பிசகாமல் எப்படித் தள்ளுவது, திரும்பும்போது எந்தக் காலை முன்னால் வைப்பது. மேனேஜர் பத்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். மெஷினோடு வந்த புத்தகத்தை வேறு தேடி எடுத்துப் படித்திருந்தார். நுனிப்புல் மேய்கிறவருக்கு எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும்.

"நடுவுல புல்லு அடைச்சுக்கிட்டா கைப்பிடியை விட்டாப் போதும், இல்லையாப்பா? எஞ்சின் ஓடினாலும் கத்தி நின்னுடும்."

அவனுக்கு ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"புத்தகத்துல அப்படித்தான் சார் போட்டிருக்கு."

அதில் பொய் எதுவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பஸ் ஸ்டாப் வீட்டுக்கு எதிர்ப்புறம்தான். மதில் மறைத்தது, சத்தம் மட்டும் கேட்டது. வீட்டுப் பக்கம் போனது, மதில் பக்கம் வந்தது, மறுபடி போனது. வரிசை பிடித்துவிட்டாரே என்று அவனுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு சத்தம் போகவும் இல்லை, வரவும் இல்லை. ஒரே இடத்தில் நின்று உறுமியது.

புல் அடைத்துவிட்டது. பெட்ரோலை மிச்சம்பிடிக்க மூன்று வாரம் வெட்டவிடாமல் வளர்த்த புல் அடைக்காமல் என்ன செய்யும்?

கைப்பிடியை விட்டால் கத்தி நிற்பதெல்லாம் மெஷின் புதிதாக இருந்தபோது. அது கெட்டுப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. எஞ்சினையே அணைத்துவிட்டுத்தான் உள்ளே கை விட வேண்டும். இது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ரோட்டைத் தாண்டி ஓடினால் அரை நிமிடம். ஓடத்தான் நினைத்தான். நினைத்தானா என்பதுகூட அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. கால் அசையவில்லை.

பஸ் வந்தது. அதை நிறுத்தக் கை தானாக உயர்ந்தது.

கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும்தான் அந்தக் கையில் இருந்தன. மற்ற இரண்டும், மேனேஜர் ஆபீஸ் போயிருந்த ஒரு காலையில், அந்தப் புல்தரையிலேயே போனவை. முன்பிருந்த தோட்டக்காரன் இடுப்புப் பிடிப்பென்று இரண்டு நாள் படுத்ததற்கே வேலையை இழந்தவன். அந்தப் பயத்தில், தன் வீட்டுக் கதவிடுக்கில் நசுங்கிவிட்டது என்று மேனேஜரிடம் சொல்லிவைத்தான்.

அவரும் நம்பினார். இனிமேலாவது நிதானமாக, பார்த்துக் கதவைச் சாத்தச் சொன்னார்.