முதுகிலும் ஒரு பெயர்

"என் பொண்ணு என்ன ஆடா மாடா, உடம்புல முத்திரை குத்தறதுக்கு?"

ஐஸ் கம்பெனி மெக்கானிக் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். எதிரே நர்சம்மா மூடி திறந்த மார்க்கர் பேனாவோடு நின்றிருந்தாள்.

பள்ளிக்கூடத்தின் மாடி வகுப்பறை அது. தீவிலேயே மாடி உள்ள ஒரே கட்டடம் என்பதால் பாதி ஊர் அதற்குள் அடைந்து கிடந்தது. ஜன்னல்களுக்குப் பலகை அறைந்து, பெஞ்சுகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். இருட்டுவதற்குள் புயல் கரையைத் தொடும் என்று சொன்ன ரேடியோ, அதோடு ஊமையாகிவிட்டது. படகுத்துறையைக் கடல் காலையிலேயே விழுங்கியிருந்தது. இனி யாரும் தீவை விட்டு எங்கேயும் போக முடியாது.

"முத்திரை இல்ல தம்பி, பேருதான். அவ பேரு, அப்பா பேரு. தண்ணியில அழியாத மை."

"அவ பேரு அவளுக்கே தெரியும். கேட்டாப் பாட்டாவே பாடுவா."

"கேட்டாச் சொல்ற நிலைமையில இருந்தாச் சரி."

மெக்கானிக்குக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. குடும்பத்தோடு இந்தத் தீவுக்கு வேலைக்கு வந்து அவருக்கு இன்னும் ஒரு மழைக்காலம்கூட முழுசாக முடியவில்லை. ஊர்க்காரர்கள் ஒருவரும் வாயைத் திறக்காததுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். பெண்கள் வரிசையில் நின்று, கேட்பதற்கு முன்பே பிள்ளைகளின் சட்டையைக் கழற்றி முன்னால் தள்ளினார்கள். நர்சம்மா இரண்டு கைகளிலும் எழுதினாள். பிறகு திருப்பி நிறுத்தி முதுகிலும் எழுதினாள். பிள்ளைகள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தன. சரியான ஆட்டு மந்தை என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

"கையில எழுதினது போதாதா? முதுகுல வேற எதுக்கு?"

நர்சம்மா அடுத்த பிள்ளையைத் திருப்பி நிறுத்தினாள். வரிசையில் நின்ற மளிகைக்கடை அக்காதான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கை ரெண்டும் முழுசாக் கிடைக்கும்னு என்ன நிச்சயம் தம்பி?"

மெக்கானிக்கின் மனைவி அவர் கையைப் பிடித்தாள். "ஏங்க, ஊரோட ஒத்துப் போயிடலாமே. எழுதிட்டுத்தான் போகட்டுமே."

"நீ சும்மா இரு. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு, பொணத்துக்குச் சீட்டு கட்டற மாதிரி கட்டுவாங்களாம். இந்த ஊர்ல யாருக்கும் வாயில நல்ல வார்த்தையே வராதா? அதை நினைக்கறதே தப்பு."

எங்கோ ஒரு கூரைத்தகடு பிய்த்துக்கொண்டு போகும் ஓசை கேட்டது. குழந்தைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அழ ஆரம்பித்தன. கீழ் வராந்தாவில் தண்ணீர் வந்து மோத ஆரம்பித்திருந்தது.

"நடக்கக் கூடாதுன்னுதான் நானும் வேண்டிக்கிறேன்" என்றாள் நர்சம்மா. "ஒண்ணும் ஆகலைன்னா நாளைக்கு எண்ணெய் போட்டுத் தேய்ச்சாப் போயிடும். என்னை நாலு திட்டு திட்டிக்கிட்டே தேயுங்க. இப்போ குழந்தையைக் கொடுங்க."

"கொடுக்க மாட்டேன். உங்களுக்குன்னு ஒரு பிள்ளை இருந்தா இப்படி எழுதக் கை வருமா?"

அறையில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மளிகைக்கடை அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தம்பி, விட்டுடுங்க. அந்தப் பேச்சு வேண்டாம்."

"பரவாயில்ல அக்கா, கேட்கட்டும்." நர்சம்மா அவரை நேராகப் பார்த்தாள். "எனக்கும் ஒரு பொண்ணு உண்டு. உங்க பொண்ணு உயரம்தான்."

மெக்கானிக் அறையைச் சுற்றிப் பார்த்தார். "எங்க? இங்க காணோமே?"

"மேட்டுல இருக்கா. கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால."

"இந்தக் காத்துல தனியாவா?"

"தனியா இல்ல. கூடப் பிள்ளைங்க இருக்காங்க."

மெக்கானிக்கின் கோபம் இறங்கிப் பயம் ஏறியது. ஆள் முன்கோபிதானே தவிர, ஈரமில்லாதவர் இல்லை. "நல்லா இருக்கும்மா உங்க நியாயம். ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் பேரு எழுதிக்கிட்டு, பெத்த பிள்ளையை அங்கேயே விட்டுட்டு வந்திருக்கீங்க. வர வேண்டாமா, தூக்கிட்டு?"

அவர் மகளை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார்.

"ஏங்க, வேண்டாங்க" என்று மனைவி அழுதாள்.

"பின்பக்கப் பாதையில இன்னும் முழங்கால் தண்ணிதான். ஒரே ஓட்டமாப் போய்த் தூக்கிட்டு வந்துடறேன். நர்சம்மா, எந்த இடம்னு மட்டும் சரியாச் சொல்லுங்க."

"எந்த இடம்னு தெரிஞ்சா நான் எதுக்குத் தம்பி இந்தப் பேனாவைத் தூக்கிட்டு அலையறேன்?" என்றாள் நர்சம்மா. "போன புயல் தண்ணி வடிஞ்சப்போ முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ற மாதிரி ஒரு பிள்ளையும் இல்ல; பேரில்லாத சின்னக் குழி அஞ்சு இருக்கு அங்க, எதுல என் பொண்ணுன்னு தெரியாம அஞ்சுலயும் போய் அழுதுட்டு வரேன்."