மூன்று பூஜ்யம்

"மாசம் ஒம்போது லட்சம் சம்பளமாம்! நாச்சிமுத்து மருமகன்னாச் சும்மாவா?"

பெண்ணின் சித்தப்பா மயில்சாமி பந்தியில் முழங்கியதும், ஜெகதீஸ்வரனுக்கு நாட்டுக்கோழி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மோதிர அளவு கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் எருமப்பட்டிக்கு வந்திருந்தான். வருங்கால மாமனார் நாச்சிமுத்துவோ தானே நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டு, "உக்காருங்க மாப்ளை" என்று கை கட்டி நின்றார்.

தண்ணீர் வைக்கும் சாக்கில் மணப்பெண் தனப்பிரியா குனிந்தாள். "மஸ்கட் வேலை ஆர்டரை நீங்க அனுப்புனதுல இருந்து அப்பா மூணு நாளாத் தூங்கலீங்க."

"அவ்வளவு சந்தோசமா?"

"பின்னே?"

அவனுக்கு வியர்த்தது. எந்த நாட்டுக்குப் பணத்தொகையைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பதுதான் சேலம் சாஃப்ட்வேர் கம்பெனியில் அவன் பிழைப்பே. அரபியில் ஒரு ரியாலுக்கு ஒரு சொல், இரண்டுக்கு வேறு சொல், மூன்று முதல் பத்து வரை இன்னொன்று என்று எல்லாம் அத்துப்படி. ஆனால் ஆர்டரை அனுப்பும்போது ஒரு வரி விளக்கம் எழுதத்தான் தோன்றவில்லை.

அதில் இருந்தது: 900.000.

வாயை மூடிக்கொண்டால் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் நடக்கும். திறந்தால் தனப்பிரியா கிடைப்பாளா? கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் ஊரே ஏமாற்றுக்காரன் என்னும்.

கை கழுவிவிட்டு நேரே மாமனார் முன் போய் நின்றான்.

"மாமா, அது ஒம்போது லட்சம் இல்லீங்க. தொள்ளாயிரம் ரியால்தானுங்க."

"என்னுங்க மாப்ளை?"

"நம்ம பைசாவுக்கு ரெண்டு பூஜ்யம் போடறாப்ல, அந்த நாட்ல புள்ளிக்கு அப்புறம் மூணு பூஜ்யம் போடுவாங்க. அதுக்கு மதிப்பில்லீங்க."

"தொள்ளாயிரமா?" மயில்சாமி வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம கோழிப்பண்ணைக் கணக்குப்புள்ளை அதுக்கு மேல வாங்கறானே!"

"நம்ம காசுக்கு ரெண்டு லட்சம் வருமுங்க."

கதவோரம் தனப்பிரியா முகம் வெளிறி நின்றாள். நாச்சிமுத்து அவனையே உற்றுப் பார்த்தார். மெல்ல எழுந்தார், போனை எடுத்து ஓர் எண்ணைத் தட்டினார்.

போச்சு. கல்யாணம் நின்றது. ஜெகதீஸ்வரன் செருப்பைத் தேடினான்.

மறுமுனையில் எடுத்ததும் நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்:

"செல்லமுத்து, மாப்ளை அந்தஸ்துக்குச் சீர் செய்ய விக்கச் சொன்னேனே, அந்த நாலு ஏக்கரா பூமி... விக்க வேண்டாஞ்சாமி!"