புத்தகத்துல இருக்கு

"பாலத்துக்கு அடியில ஒரு பூதம். ஒரே ஒரு பூதம். அதைக் கொல்ல நமக்கு மூணு சனிக்கிழமை!" பிரென்ட் பகடையை மேஜையில் உருட்டிவிட்டான்.

"எங்க கொன்னோம்? இன்னும் உயிரோடதான் இருக்கு," என்றாள் கிர்ஸ்டன்.

லோர்னா வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு பேர். வாசா ஊரில் பனி கொட்டுகிற மாதங்களில் இவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, கதையை வாயால் சொல்லியே ஆடுகிற விளையாட்டு. கதையை நடத்துகிறவள் லோர்னா.

சண்டை என்று வந்துவிட்டால் போதும், தலையணை கனத்துக்கு ஒரு விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கேடயம் எந்தக் கையில், சேற்றில் எத்தனை அடி நகரலாம், எல்லாவற்றுக்கும் கணக்கு.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத விதி ஒன்று உண்டு. முறை வந்தவர், தான் செய்யப்போவதைத் தன் வாயாலேயே முழுக்கச் சொல்லி, கடைசியில் 'அவ்வளவுதான்' என்று முடிக்க வேண்டும். அதுவரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அவர்களுடைய அடுத்த முறை போச்சு.

பிரென்டுக்கு இன்றைக்கு மட்டும் இரண்டு முறை போயிருந்தது.

கிர்ஸ்டனுக்கு வேறு கவலை. எட்டு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வாரத்தில் அவளுக்குக் கிடைப்பது இந்த இரண்டு மணி நேரம். மாமியார் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாள். ஆனால் காலையில் குழந்தை இரண்டு தடவை இருமியதே? ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். விளையாட்டிலோ, மூன்று வாரமாகப் பூதத்தின் முதுகில் கத்தியோடு தொங்கிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்காவது இறங்கினால் தேவலை.

"டேல், உன் முறை," என்றாள் லோர்னா.

டேல் லாரி மெக்கானிக். ஆறடி ஆள். போன கோடையில்தான் இவர்களோடு சேர்ந்தான். பேச்சு திக்கும்.

"நா... நான் பா... பா..."

பிரென்ட் உதட்டைக் கடித்துக்கொண்டான். 'பாலத்துல ஏறறேன்' என்றுதான் சொல்லப்போகிறான், யாருக்குத் தெரியாது?

"...பா... பாறைமேல ஏ... ஏறறேன்."

கிர்ஸ்டன் ஃபோனிலிருந்து நிமிர்ந்தாள். பாறையா?

நாலு நிமிஷம் ஆயிற்று. பாறை மேலிருந்து மீன்வலையை வீசி, பூதத்தின் இரண்டு காலையும் சேர்த்துச் சுருக்குப் போட்டுவிட்டான். மூன்று வாரத்தில் வேறு யாருக்கும் தோன்றாத யோசனை.

"அ... அவ்வளவுதான்."

இருபது முகப் பகடை பதினெட்டு காட்டியது. பூதம் முழங்கால் மடங்கி விழுந்தது. டேல் காது வரை சிவந்து சிரித்தான்.

"யோசனை பிரமாதம்டா. ஆனா இந்த வேகத்துல போனா பூதம் வயசாகித்தான் சாகும்!" என்றான் பிரென்ட். "லோர்னா, உங்களை ஒண்ணு கேக்கணும். நான் அஞ்சு வருஷமா இங்க ஆடறேன். போன கோடைக்கு முன்னால இந்த 'அவ்வளவுதான்' விதியை நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

"புத்தகத்துல இருக்கு." லோர்னா பொரித்த சீஸ் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "ஆறிடும், சாப்பிடு."

"பேச்சை மாத்தாதீங்க. பாத்துடலாம். இருந்தா இனிமே நான் வாயைத் திறக்கல. இல்லைன்னா இன்னையோட அதை எடுத்துடணும். என்ன?"

லோர்னா தன் பகடைகளை வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள்.

"கிர்ஸ்டன், நீயே தேடு. நீ என் கட்சி."

"பின்ன? தொங்கித் தொங்கி எனக்கு இடுப்பே போச்சு." புத்தகத்தை இழுத்தாள்.

சண்டைக்கென்று நாற்பது பக்கம் இருந்தது. காற்று இருந்தது. கேடயம் இருந்தது. சேறுகூட இருந்தது. கடைசி வரை விரலை ஓட்டிப் பார்த்தாள். 'அவ்வளவுதான்' மட்டும் இல்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். எங்கேயும் இல்லை.

தலையைத் தூக்கினாள். லோர்னா ஏற்கெனவே அடுக்கி வைத்த பகடைகளைக் கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அ... அந்த விதியை வி... வி..." என்று டேல் ஆரம்பித்தான்.

"விட்டுடலாம்! பாத்தீங்களா, டேலே சொல்லிட்டான்!" பிரென்ட் மேஜையைத் தட்டினான். "மூணு ஓட்டு! முடிஞ்சுது கதை."

டேல் இல்லை என்று தலையை ஆட்டினான். பிரென்ட் அதற்குள் அடுத்த அடிக்குப் பகடையைப் பொறுக்க ஆரம்பித்திருந்தான். டேல் ஒரு கணம் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான். அவன் சொல்ல வந்தது 'விடக் கூடாது' என்பதை கிர்ஸ்டன் மட்டும்தான் கவனித்தாள்.

"என்ன தாயே, இருக்கா இல்லையா? சொல்லு!"

'இல்லை' என்று ஒரு வார்த்தை. ஐந்து நிமிஷத்தில் பூதம் செத்துவிடும். குழந்தையிடம் போய்விடலாம்.

"இருக்கு பிரென்ட். நூத்திப் பன்னெண்டாம் பக்கம், தெளிவாப் போட்டிருக்கு," என்றாள் கிர்ஸ்டன். "இப்பக்கூட டேல் பேசிட்டிருக்கும்போது நீ குறுக்க விழுந்த. உன் அடுத்த முறையும் போச்சு."

சொல்லிவிட்டு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் முழுக்க நின்றுகொண்டிருந்த குதிரைப் படத்தை யாரும் எட்டிப் பார்ப்பதற்குள் புத்தகத்தை மூடினாள்.