கொடி விழும் வரைக்கும்

துணி நனைந்திருந்தது. அவள் மாற்றவில்லை.

பால் குடித்துக்கொண்டே பிள்ளை தூங்கிப்போயிருந்தது. இடுப்புத் துணியை மேலே இழுத்துத் தொப்புளை மூடினாள். காய்ந்தும் காயாமலும் நின்ற கொடி ஈரத்துக்குள் போனது.

துணியைத் தொப்புளுக்குக் கீழேதான் மடிக்க வேண்டும். காற்றுப் பட வேண்டும். நர்ஸ் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? இரண்டு பெண்களை வளர்த்தவள்.

இது மூன்றாவது. இதுவும் பெண்.

வயிற்றில் இருக்கும்போதே பேசி முடித்துவிட்டார்கள். பெண்ணாகப் பிறந்தால் நாக்பூரில் இருக்கும் கணவனின் அண்ணனுக்கு. அவருக்குப் பிள்ளை இல்லை. ஆணாகப் பிறந்திருந்தால், அவருக்குப் பிள்ளை இல்லாதது யாருக்கும் நினைவுக்கு வந்திருக்காது.

அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஒரே ரத்தம்தானே என்றான் கணவன், சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே.

கொடி விழுந்ததும் ரயில். அதுவரைக்கும் தாய்ப்பால். முன்னறையில் பெட்டிகள் கட்டி வைத்தாயிற்று. பெயர்கூட அங்கே போய்த்தான் வைப்பார்களாம்.

அதனால்தான் துணியை மேலே இழுத்தாள். பால் கொடுக்கப் பிள்ளையை வாங்கும்போதெல்லாம்.

பிள்ளையைக் கொண்டுபோக வந்திருந்த அண்ணனின் மனைவி சற்குணம், அதைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் துணியை மாற்றுவாள். பஞ்சால் ஒற்றி எடுப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல விசிறுவாள். அவ்வளவு ஆசை. அதைப் பார்க்கப் பார்க்கப் பெற்றவளுக்கு வயிறு எரிந்தது.

அவள் நனைத்தாள். சற்குணம் உலர்த்தினாள். கொடி விழாமல் நின்றது.

பிறகு நாற்றம் வந்தது.

தொப்புளைச் சுற்றிச் சிவந்து, மஞ்சளாக நீர் கசிந்தது. பிள்ளை மார்பில் வாய் வைக்கவில்லை. உடம்பு கொதித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சற்குணத்தைத்தான் திட்டினார். பிள்ளை அவள் மடியில் அல்லவா இருந்தது. பெற்றவள் பக்கத்திலேயே நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

ஊசி, படுக்கை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, சற்குணம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். சோப்புப் போட்டு, மறுபடியும் போட்டு.

"என் கையிலதான் என்னமோ தோஷம் இருக்கு. பெத்திருந்தா பக்குவம் தெரிஞ்சிருக்கும்ல? விழுற வரைக்கும் நீயே பாத்துக்க, தாயி."

அழுதுகொண்டே பிள்ளையை நீட்டினாள்.

அவள் வாங்கிக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல் இருந்தது.

அன்றிலிருந்து எல்லாம் அவள்தான். வெந்நீரை ஆறவைத்துப் பஞ்சில் நனைத்துச் சுற்றிலும் துடைத்தாள். ஈரம் போக ஒற்றினாள். டாக்டர் கொடுத்த மருந்தைத் தவிர வேறெதுவும் தடவவில்லை. துணியைக் கீழே மடித்தாள். யாரும் இல்லாதபோதும் கீழேதான் மடித்தாள்.

சிவப்பு வடிந்தது. பிள்ளை பழையபடி முட்டி முட்டிப் பால் குடித்தது. கொடி கறுத்துச் சுருங்கியது.

நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ளப் பார்த்துக்கொள்ள ரயில் கிட்டே வந்தது.

ஒரு பிற்பகல், துடைக்கும்போது, பஞ்சோடு கையில் வந்துவிட்டது.

காய்ந்த கத்தரிக்காய்க் காம்பு போல உள்ளங்கையில் கிடந்தது. இதற்காகவா இவ்வளவும் என்று இருந்தது.

முன்னறையில் சற்குணம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் விழவில்லை என்று நாக்பூரில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

யாரும் பார்க்கவில்லை. துணியைக் கொஞ்சம் மேலே இழுத்தால் போதும். மூடிவிடும். இன்னும் சில நாள் கிடைக்கும்.

தொப்புளின் அடியில் லேசாக ஈரம் மினுங்கியது. அது காய வேண்டும்.

கொடியை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

புதுத் துணியை எடுத்தாள். பிள்ளை காலை உதைத்தது.

கீழே மடித்தாள். தொப்புள் நன்றாகத் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.