இடது ஷூவும் வலது ஷூவும்

ஒரே டப்பாவில் வந்த அந்த இரண்டு ஷூக்களுக்குள் ஓயாத சண்டை. பெனிட்டா அவற்றை மாட்டிக்கொண்டு சரணாலயத்துக் காட்டுப்பாதையில் ஓடத் தொடங்கினால் போதும், "பார்த்தியா, நான்தான் முன்னாடி" என்று இடது ஷூ பீற்றிக்கொள்ளும். சொல்லி வாய் மூடுவதற்குள் வலது முந்திவிடும். "இப்ப யாருடா முன்னாடி?" வேரைத் தாண்டும்போதும் ஓடையில் இறங்கும்போதும் இதே பேச்சுதான். காடு எப்படியிருந்தது என்று கேட்டால் இரண்டுக்கும் தெரியாது.

அன்று காலை மூங்கில் வளைவில் பெனிட்டா சட்டென்று நின்றாள். ஓடிவந்த வேகத்தில் வலது முன்னால் நின்றுவிட்டது. இடதுக்கு வயிறெரிந்தது.

"சும்மா நிக்கும்போதும் நீதானா?"

வலது முன்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. இடது எட்டிப் பார்த்தது. மழையில் ஊறிய பாதையின் குறுக்கே ஒரு யானையின் கால் இறங்கிக்கொண்டிருந்தது. உரலைவிடப் பெரிய கால். மண்ணைத் தொட்டபோது சின்னச் சத்தம்கூட எழவில்லை. பின்னாலேயே இன்னொரு யானை, அதன் வயிற்றடியில் ஒரு குட்டி.

"இவ்வளவு பெரிய கால். சத்தமே வரலையேடா" என்றது இடது, மெல்ல.

"பேசாதே. நம்ம ஆளு நடுங்குறா."

யானைகள் போய் வெகுநேரம் கழித்துத்தான் பெனிட்டா அசைந்தாள். ஈரமண்ணில் பதிந்திருந்த ஒரு சுவட்டைக் குனிந்து பார்த்தாள். அதற்குள் ஒரு காலை வைத்தாள். பிறகு மற்றதையும் வைத்தாள்.

இடதும் வலதும் அதற்குள் ஒட்டி நின்றன. சுற்றிலும் இன்னும் இடம் மிச்சமிருந்தது.