வேறு தொட்டி

2024 ஜூலை, சங்கராபுரம். ஷேக் மைதீன் வீட்டுத் தொட்டியில் பாரடைஸ் வகை ஆண் மீன் சிவப்பும் நீலமுமாக மின்னியது.

"நாளைக்கு மாப்ள கூப்புட வராரு. துணிமணி எடுத்து வெச்சிக்கம்மா," என்றார் மகளிடம்.

ஷம்ஷாத் மீனையே பார்த்தாள். "தீனி மாத்துனீங்களா அத்தா? கலர் சும்மா தூக்குது."

"தீனி இல்லம்மா. கூட ஒரு பொட்டைய வுட்டேன். அதத் தொரத்திக்கினு இருந்தா இதுக்கு கலர் ஜாஸ்தியாவும்."

பெண் மீன் கிழிந்த வாலோடு செடிக்கடியில் பதுங்கியிருந்தது. அவர் அதை வலையால் அள்ளி வேறு தொட்டியில் விட்டார்.

"இன்னாத்துக்கு மாத்துறீங்க? அங்கயே வுடுங்க, பழகிடும்."

"பழகாதும்மா. கொன்னுபுடும்."

ஷம்ஷாத் சுடிதார் கையை மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேல் கன்றிப்போயிருந்தது.

"எனக்கு மட்டும் பழகிடும்னு சொன்னீங்களே அத்தா?"

மறுநாள் வந்த மருமகன் தனியாகத் திரும்பிப் போனார்.