வல்லூறனுக்கு ஒரு டிக்கெட்

"திங்கக்கிழம கொம்யூன் ஆபீசுல புள்ள பேரப் பதியப் போறீங்க இல்ல, அதுக்கு முன்னால புதுசா வந்துருக்கற அந்த வல்லூறன் படத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துடுங்களேன். டிக்கெட்ட நானே போட்டுட்டேன்" என்றாள் புவனேஸ்வரி, மடியில் குழந்தையைத் தட்டிக்கொண்டே.

உலகநாதன் உருகிப்போனான். ஒதியம்பட்டு முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் இப்படி ஒரு மனைவி கிடைக்க மாட்டாள்.

பின்னே என்ன? 'வல்லூறன்' அவன் பள்ளிக்கூட நாளிலிருந்து உயிரை விட்டுப் படித்த காமிக்ஸ். இறக்கை கட்டிப் பறந்து வந்து அநியாயக்காரர்களைத் தூக்கி எறியும் மாவீரன். தலைச்சன் பிள்ளைக்கு அந்தப் பேர்தான் என்று அவன் சொன்ன நாளிலிருந்து வீட்டில் ஒரே ரகளை. அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஊரில் கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் எல்லாம் பேரனைக் கண்டு நடுங்குவார்கள் என்று மாமனார் நக்கலடித்தார். யாராவது வேண்டாம் என்றால் உலகநாதனுக்கு வீம்பு ஏறிவிடும். பிறவிக் குணம். புவனேஸ்வரி ஒருத்திதான் எதிர்த்து வாயே திறக்கவில்லை.

மத்தியானக் காட்சிக்குப் போனவன் சாயங்காலம் திரும்பினான். செருப்பைக் கழற்றிப் போட்ட விதமே சரியில்லை.

"எப்படிங்க இருந்திச்சி?"

"அத ஏன் கேக்குற" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன், கொட்டித் தீர்த்துவிட்டான். வல்லூறனுக்குத் தொப்பையாம். இறக்கை பழைய குடைத்துணி மாதிரி தொங்குகிறதாம். வில்லன் ஊரையே கொளுத்திக்கொண்டிருக்க, இவன் கதாநாயகியோடு பனிமலையில் ஆடுகிறானாம். கடைசியில் போலீஸ் வந்து வல்லூறனைக் காப்பாற்றுகிறதாம்.

"வெளிய வந்தா டீக்கடையில ஒருத்தன் இன்னொருத்தன 'டேய் வல்லூறா'ன்னு கூப்டு கலாய்க்கிறான், புவனா. நாளைக்கு எம்புள்ளயயும் அப்படித்தான கூப்டுவானுங்க?" கண் கலங்கியே விட்டது அவனுக்கு.

"அதுக்காவ ஆசயா நெனச்ச பேர வுட்டுட முடியுமா? படம் வேற, புஸ்தகம் வேற. அதயே வெக்கலாங்க."

"நீ சும்மா இரு. வேணாம்னா வேணாம்." வீம்பு ஏறிவிட்டது. "நீ மாசமா இருக்கசொல்ல ஒரு பேரு சொன்னியே, அமுதன்னு. அதான் வெக்கப் போறேன். எவன் குறுக்க வர்றான்னு பாக்கறேன்."

யாரும் குறுக்கே வரவில்லை. புவனேஸ்வரி மட்டும், உங்கள் இஷ்டம் என்று பெருமூச்சு விட்டாள். அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும், குழந்தையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சினாள்.

"அமுதா, உங்கப்பா பாவம்டா. உன் மாமன் வெள்ளிக்கிழமயே மொத ஷோ பாக்கப் போயி, தாங்க முடியாம பாதியில எழுந்து ஓடியாந்துட்டான். அவன் வந்து சொன்ன பொறவுதான்டா உங்கப்பாவுக்கு நான் டிக்கெட்டே போட்டேன்."